இருபத்திரண்டாம் மணியில் நிற்கும் கார்

பொதுமகன் ஒருவரிடமிருந்து கடிதம் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். அதற்குள் முடியாவிட்டால், விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். என் சேவைக் காலத்தில் இந்த விதியை எத்தனை இலிகிதர்களுக்கு வாசித்துக் காட்டியிருப்பேன் என்று தெரியாது. அவர்களில் எத்தனை பேர் அதைப் பின்பற்றினார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

வீடியோ விளையாட்டு இயந்திரம் செய்யும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றை இந்த விதி கட்டுப்படுத்தாது. அதுவும் எனக்குத் தெரியும். என்றாலும் பதிவுத் தபாலில் கடிதத்தைப் போட்டுப் பதினைந்தாம் நாள் காலையில் படலையடியில் நின்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உங்கள் இயந்திரத்துக்குள் இருக்கும் சின்னப் பற்றறி செத்துப்போனால், அதன் கடிகாரம் எந்தத் திகதியைக் காட்டும்?

ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் ஒருவருக்கு இது எதற்கு என்றுதான் கம்பனிக்காரரும் யோசித்திருப்பார்கள்.

சமாதானப் பேச்சு நடந்த வருடங்களில் நான் கிளிநொச்சியில் அரச விடுதி ஒன்றில் இருந்தேன். என்னோடு அதே விடுதியில் இன்னொருவர் இருந்தார். குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கந்தோரில் எல்லோரும் பதவியை இங்கிலீசில் சுருக்கி அவரை ரீ.ஓ. என்றுதான் கூப்பிட்டார்கள், என்னைச் சி.சி. என்று. அவருடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கலவரத்துக்குப் பயந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். மனைவியும் அங்கேதான். சனிக்கிழமை வீட்டுக்குப் போய் ஞாயிறு பின்னேரம் திரும்பி வருவார். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கரியரில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய சித்தப்பா மகன் கொடுத்துவிட்ட விளையாட்டு இயந்திரம். அதோடு ஒரேயொரு சீடித் தட்டு.

அந்தத் தட்டில் இருந்தது கார்ப் பந்தயம். இருபத்துநான்கு மணித்தியாலம் ஓடும் பந்தயம். சுருக்கிய இருபத்துநான்கு அல்ல, உண்மையான இருபத்துநான்கு. திரையில் பின்னேரம் தொடங்கும், பொழுதுபடும், இருட்டும், மழை பெய்யும், விடியும். எண்ணெய் அடிக்கவும் சில்லு மாற்றவும் கார் தரிப்பிடத்துக்குள் வரும்போது மட்டும், விளையாட்டை அந்த இடத்திலேயே ஒரு சின்ன அட்டையில் சேமித்து நிறுத்தி வைக்கலாம். பிறகு வேறொரு நாள் அதே இடத்திலிருந்து ஓடலாம். எங்களுக்கு அது வசதி. மின்சாரம் இல்லாத ஊரில், ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடைக்கும் நாட்களில் மட்டும் ஓடினோம். ஒரு மணித்தியாலம் இன்று, அரை மணித்தியாலம் அடுத்த கிழமை. இருபத்துநான்கு மணித்தியாலப் பந்தயம் மாதக் கணக்கில் இழுபட்டது. அரச வேலைக்கு ஏற்ற விளையாட்டு.

ஆளுக்கு ஆள் மாறி ஓட்டினோம். மாறும்போது கையளித்தல், கையேற்றல் இல்லாமல் எப்படி? நான் கந்தோரிலிருந்து பாவித்து முடியாத பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து கோடு போட்டேன். சுற்று இலக்கம், ஓடிய நேரம், மிச்ச எண்ணெய், சில்லின் நிலை, சேதம், குறிப்பு, இரண்டு கையெழுத்து. ரீ.ஓ. முதலில் சிரித்தார். பிறகு என்னைவிட ஒழுங்காக நிரப்பினார்.

"சி.சி. ஐயா, நீங்க ஓட்டுனா கார் பென்சன் எடுக்கப் போற மாதிரிப் போகுது."

"பென்சன் எடுக்கப் போறவன் இடிபடாமல் போவான். உம்மட பக்கத்தைப் பாரும். சேதம், சேதம், சேதம்."

"அது சேதம் இல்லீங்க. அனுபவம்."

கைமாறிய நேரத்தை எழுதுவதில்தான் பிரச்சினை வந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு இரண்டு நேரம் இருந்தது. கொழும்பு அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்த புதிய நேரம். வன்னி அதை ஏற்காமல் வைத்திருந்த பழைய நேரம். கொழும்போடு கடிதத் தொடர்பு வைத்திருந்த நான் புதிய நேரத்தில் எழுதினேன். ஊரோடு வாய்க்கால் திறந்த அவர் பழைய நேரத்தில் எழுதினார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அரை மணித்தியாலம் காணாமற்போனது. இயந்திரத்தின் கடிகாரத்தை முதல் நாள் சரிப்படுத்தியவன் நான். திகதியைப் பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்து வைத்தேன். நேரத்தைப் பழையதில் வைத்தேனா புதியதில் வைத்தேனா என்று இன்றுவரை நினைவில் இல்லை.

பகலில்தான் ஓடுவோம். வெளிச்சத்தில் திரை தெரியாதென்று யன்னல்களைச் சாத்திச் சாக்குத் தொங்கவிடுவோம். வெளியே மதிய வெயிலில் கூரைத் தகரம் வெடிக்கும். உள்ளே திரையில் சாமம். பந்தயத்தின் பத்தாவது, பன்னிரண்டாவது மணியில் அந்த ஓட்டப் பாதை விசித்திரமாய் மாறிவிடும். பார்வையாளர் மேடையில் இருப்பவர்கள் மட்டையில் வெட்டியவர்கள் போல அசையாமல் இருப்பார்கள். காட்டுக்குள்ளால் போகும் நீட்டு வழியில் எங்கள் காரின் வெளிச்சம் மரங்களில் பட்டுப் போகும். முன்னுக்கு எங்கோ ஒரு சிவப்பு வெளிச்சம் தெரியும். எவ்வளவு வேகமாகப் போனாலும் கிட்டாது. ஒரு வளைவில் திரும்பினால் இல்லாமற்போய்விடும்.

"ஒட்டுசுட்டான் ரோட்டு மாதிரியே இருக்குங்க," என்பார் ரீ.ஓ. "மெதுவாப் போங்க, ஆனை நிக்கும்."

யானை ஒருநாளும் நிற்கவில்லை. ஒருவருமே நிற்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த விளையாட்டில் மூன்றாவது சாரதி ஒருவரும் இருந்தார். களைத்துப்போனால் அவரிடம் காரைக் கொடுக்கலாம், இயந்திரமே ஓட்டும். ஒருமுறை கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிழையே விடாமல் ஒவ்வொரு சுற்றையும் ஒரே கோட்டில் ஓட்டினார். எங்கள் இரண்டு பேரின் கையும் மடியில் கிடந்தது. கார் இருட்டுக்குள் தன்பாட்டில் போய் வந்தது. பத்து நிமிடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன்.

"ஏன் ஐயா? நல்லாத்தானே ஓட்டுறாரு."

"கையெழுத்து வைக்கமாட்டார். அவரிடம் கையளிக்கேலாது."

அதற்குப் பிறகு மூன்றாவது ஆளை நாங்கள் கூப்பிடவில்லை.

சண்டை திரும்பவும் தொடங்கியபோது எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. வந்தது என்பது கந்தோர்ப் பாசை. நான் விண்ணப்பித்தேன், கிடைத்தது. ரீ.ஓ. விண்ணப்பிக்கவில்லை, குளத்துக்கு யார் பொறுப்பு என்றார். கடைசி நாள், பந்தயம் பத்தொன்பது மணித்தியாலம் முடிந்து தரிப்பிடத்தில் நின்றது. இயந்திரத்தையும் அட்டையையும் அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். மிச்சம் ஐந்து மணித்தியாலத்தையும் தனியே ஓடிவிட வேண்டாம் என்று சொன்னேன். "நீங்க வந்தாத்தான் முடிப்பேன்," என்றார். பதிவேட்டை மட்டும் நான் கொண்டுபோனேன். பதிவேட்டை விட்டுவிட்டு வரப் பழகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தர்மபுரத்தைவிட்டுச் சனம் கிழக்கே நகர்ந்தபோது, ரீ.ஓ.வும் மனைவியும் கொண்டுபோக முடியாததை ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரலுக்குள் போட்டு வீட்டு வளவில் புதைத்தார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தையல் மிசின், சீலைகள், பித்தளைக் குடம், இந்த இயந்திரமும் ஒரு சின்னத் தொலைக்காட்சியும். சில நாள் கழித்து, ஜனவரி மூன்றாம் திகதி காலையில், குடத்தையாவது எடுத்து விற்றுச் சாப்பாட்டுக்கு வழி பார்க்கிறேன் என்று சொல்லி ரீ.ஓ. சைக்கிளில் திரும்பிப் போனார். வரவில்லை.

மீள்குடியேறிய பிறகு, நான் திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்திருந்தேன். அவர் மனைவி மரணச் சான்றிதழுக்குப் படிவத்தோடு என் மேசைக்கு வந்தா. அவா என்னை அண்ணே என்பா. நான் தங்கச்சி என்பேன். படிவத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று, ஒரு கட்டத்தைத் தவிர.

"இறந்த திகதி?"

"தெரியாதே அண்ணே."

"வெறுமையாய் விடேலாது தங்கச்சி. கடைசியாய் எண்டைக்குக் கண்டனீங்கள்?"

"மூண்டாம் திகதி. வெள்ளனவா."

நான் மூன்று என்று எழுதினேன். அவா அந்த இலக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு, எனக்கு முதலே தெரிந்திருந்து இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பதுபோல, "அப்ப மூண்டாம் திகதியா?" என்று கேட்டா.

முத்திரையைக் குத்தினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஜனவரி மூன்றாம் திகதி அவா படையல் போட்டா. ரொட்டி, கட்டைச் சம்பல், பால் விடாத சாயத்தண்ணி. திதி பார்த்துத்தான் செய்யவேண்டும், இங்கிலீசுத் திகதிக்குத் திவசம் இல்லை என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். "கவுண்மெந்து எழுதிக் குடுத்த நாள் ஐயா," என்று சொல்லிவிட்டா. ஒவ்வொரு வருடமும் எனக்கும் சாப்பாடு வந்தது. ஒவ்வொரு வருடமும் சாப்பிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் வளவில் மலசலகூடக் குழி வெட்டியபோது அந்த நீலப் பரல் அகப்பட்டது. இவ்வளவு காலமும் தேடியது அதற்கு இரண்டு பாகம் தூரம் தள்ளி. அவா எனக்குத் தொலைபேசியில் சொன்னா, நான் பஸ் ஏறிப் போனேன். சீலைகள் உக்கிப்போயிருந்தன. குடம் இருந்தது. இயந்திரம் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தது. ஆனால் பொலித்தீனில் சுற்றிப் பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் அந்தச் சின்ன அட்டை காய்ந்தபடி இருந்தது.

அவா பரலின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அண்ணே, நான் இதைப் பச்சைத் துணியாலதான் கட்டினேன்."

பரலைச் சுற்றியிருந்தது கட்டுக்கம்பி. மூன்று முறுக்கு, முனை உள்ளே மடித்தது. கொங்கிறீற் வேலைக்குக் கம்பி கட்டிப் பழகியவர்கள் கட்டுகிற மாதிரி. ரீ.ஓ.வின் கட்டு. அவர் இந்த வளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. குடத்தை எடுக்க வந்தவர் குடத்தைத் திரும்ப உள்ளே வைத்துக் கட்டிவிட்டு எங்கே போனார் என்பது தெரியவில்லை.

வவுனியாவில் பழைய சாமான் திருத்தும் கடையில் அதே வகை இயந்திரம் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதே தட்டு கிடைக்க இன்னும் நாலு மாதம் போனது. கிடைத்த அன்று அவா தர்மபுரத்திலிருந்து என் வீட்டுக்கு வந்திருந்தா. மத்தியானம். பழக்கத்தில் நான் யன்னல்களைச் சாத்தினேன்.

அட்டைக்குள் ஒரேயொரு கோப்பு இருந்தது. ஓடிய நேரம் இருபத்திரண்டு மணித்தியாலம் ஆறு நிமிடம். என் பதிவேட்டின் கடைசி வரியில் பத்தொன்பது. மூன்று மணித்தியாலம் யாரோ ஓடியிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, நான் வவுனியாவுக்குப் போன பிறகு அவர் பொறுமை இழந்து ஓடியிருக்கலாம். அதன் கீழே, சேமித்த நேரம் என்று இயந்திரம் தானாகக் குறித்து வைத்திருந்தது. ஜனவரி பதினான்கு. பின்னேரம் நாலு பத்து. சண்டை முடிவதற்கு முந்திய அந்த ஜனவரி.

பழைய நேரமா புதிய நேரமா, அரை மணித்தியாலம் பிழைக்கலாம். பதினொரு நாள் பிழைக்காது.

அவாவுக்கு இங்கிலீசு இலக்கம் வாசிக்கத் தெரியும். வாசித்தா.

நான் கோப்பைத் திறந்தேன். தரிப்பிடத்தில் கார் நின்றது. திரையில் உச்சி வெயில் சாய்ந்து, மரங்களுக்கு மேல் மஞ்சள் வெளிச்சம். விளையாட்டுப் பிடியை நான் இன்னும் கையில் எடுக்கவில்லை. மேசையில் கிடந்தது. கார் மெதுவாகத் தரிப்பிடத்தைவிட்டு வெளிக்கிட்டது.

"ஆரு ஓட்டுறது?" என்று கேட்டா.

"ஒருத்தருமில்லைத் தங்கச்சி."

"ஒருத்தரும் இல்லாம எப்பிடி வளைவில திரும்புது?"

மூன்றாவது ஆளைப்பற்றிச் சொன்னேன். கடைசியாய்க் கார் அவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். சொல்லும்போதே எனக்கு அந்த வீடு கண்ணில் வந்தது. சனம் எழும்பிப்போன தர்மபுரம். கதவு நிலை இல்லாத ஒரு வீட்டுக்குள் ட்ரக்டர் பற்றறியோடு கம்பி இழுத்து ஒரு சின்னத் தொலைக்காட்சி. அதற்குள் ஒரு கார் தன்பாட்டில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. முன்னால் ஒருவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அல்லது ஒருவரும் இல்லை. வீட்டுக்குள் ஆள் இருக்கிறதென்று வெளியில் போகிறவர்கள் நினைக்கவேண்டும் என்று அந்தச் சத்தத்தை ஓடவிட்டாரா, அல்லது ஆள் இருக்கிறதென்று தனக்கே தெரியவேண்டுமா, யாரிடம் கேட்பது?

கார் முன்பு போலவே ஒரே கோட்டில் ஓடியது. அவா முக்காடு போட்ட சீலைத் தலைப்பைப் பிடித்தபடி கண் எடுக்காமல் பார்த்தா. ஒவ்வொரு முறையும் காட்டுக்குள்ளால் அது வெளியே வரும்போது கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தா, உள்ளே இருப்பவரின் முகம் தெரியுமென்பது போல. எண்ணெய் குறைய அது தானாகத் தரிப்பிடத்துக்குள் வந்து நின்றது. திரையில் ஒரு கேள்வி வந்தது. சேமிக்கவா?

"அதை அமத்தட்டா அண்ணே?" அவாவின் விரல் பிடியில் இருந்தது.

"வேண்டாம்! தொடாதேங்கோ!"

அவ்வளவு சத்தமாக நான் பேசியது என் மனைவி உயிரோடிருந்த காலத்தில்தான். அமத்தியிருந்தால் அந்த ஜனவரி பதினான்கு அழிந்து அன்றைய திகதி விழுந்திருக்கும். நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். திரை இருண்டது. அந்த இருட்டுக்குள் அவா கேட்டா:

"அப்ப, அண்டைக்கும் ஆராவது அமத்தித்தானே இருக்கணும்?"

காரை ஓட்ட ஆள் தேவையில்லை. சேமிக்க ஒரு விரல் தேவை. அதை நான் சொல்லாமலே அவா கண்டுபிடித்துவிட்டா.

"பதினாலாம் திகதி பின்னேரம் அவர் வளவுக்குள்ள இருந்திருக்காரு. நான் மூண்டாம் திகதி படைச்சேன். வருசா வருசம். உயிரோட இருந்த மனுசனுக்கு."

"மிசினின்ர மணிக்கூடு பிழைச்சிருக்கலாம் தங்கச்சி."

"பிழைக்குமா?"

"கேட்டு எழுதுறன்."

அதுதான் அந்தக் கடிதம். இலக்கமிட்ட ஏழு பந்தி, இணைப்பாகத் திரையின் புகைப்படம், பக்கத்தில் அன்றைய பத்திரிகை தெரியத்தக்கதாக. உண்மையைச் சொன்னால், கம்பனி என்ன எழுதவேண்டும் என்று நான் முன்பே முடிவுசெய்திருந்தேன். பற்றறி செத்தால் கடிகாரம் எந்தத் திகதியையும் காட்டக்கூடும், அதை நம்பவேண்டாம் என்று ஒரு வரி. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் மூன்றாம் திகதி மூன்றாம் திகதியாகவே இருக்கும். அவா பொங்கல் நாளில் பொங்கலாம். நானும், பதினொரு நாளைப் பேனையால் எடுத்துப்போட்டவன் என்று என்னை நினைக்காமல் சாப்பிடலாம்.

பணிவோடு எழுதிய நினைவூட்டல்கள் மூன்று. "எனது முன்னைய கடிதத்தின்பால் தங்கள் கவனத்தை ஈர்க்கிறேன்" என்று மற்றவர்கள் எனக்கு எழுதியபோது எவ்வளவு அலுப்போடு கோப்பில் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. இதற்கிடையில் வருடம் ஒன்று ஓடி ஜனவரி வந்தது. மூன்றாம் திகதி எனக்குச் சாப்பாடு வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன்.

"எப்பிடிப் படைக்கிறது அண்ணே, பதில் வரலையே," என்றா. "நேத்து ராவிலருந்து கதவைப் பூட்டலை. பாயும் விரிச்சுத்தான் கிடக்கு."

அடுத்த நாளும் பூட்டவில்லை. அதற்கடுத்த நாளும்.

பிறகு ஒரு காலையில் தபால்காரர் வெளிநாட்டு முத்திரையோடு கடித உறையைத் தந்தார். ஒரு பக்கம். முதல் பந்தியில் நன்றி. இரண்டாவது பந்தியில், இது மிகப் பழைய தயாரிப்பு, தனிப்பட்ட இயந்திரம் எதற்கும் உத்தரவாதம் தர இயலாது. எல்லாக் கந்தோரும் ஒரே மாதிரித்தான் எழுதுகிறது. மூன்றாவது பந்தி ஒரேயொரு வசனம். உள் பற்றறி தீர்ந்தால் கடிகாரம் தயாரிப்பின் ஆரம்பத் திகதிக்கே திரும்பும். வேறு எந்தத் திகதியையும் தானாகக் காட்டாது.

நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தர்மபுரத்தில் அவா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. வாசித்து, தமிழில் சொன்னேன். பதிவைத் திருத்தலாம், சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே முறை அது.

"விடுங்க அண்ணே. நீங்க திரும்ப எழுதினா இன்னொரு நாள் வந்திரும்."

கொஞ்ச நேரம் விளக்குமாற்றைப் பிடித்தபடி விரலில் எண்ணினா.

"பதினாலாம் திகதி வரைக்கும் இருந்திருக்காரு. அதுக்குப் பொறவு தெரியாது. என்னங்க?"

"ஓம்."

"அப்ப இண்டைக்கு இருக்காரு."

அவா குசினிக்குள் போனா. கேத்தல் வைக்கிற சத்தம் கேட்டது. மூன்று கோப்பை எடுக்கிற சத்தமும் கேட்டது. நான் முற்றத்துக் கதிரையில் இருந்தேன், உள்ளே திரும்பிப் பார்க்காமல். பழக்கம் விடவில்லை, கடிதத்தின் வலது மேல் மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன். ஜனவரி ஒன்பது.